ஆற்றின் அடியில் ஒரு தரை: ஜோன் பன்யன் கண்ட மரண பயம்



மரணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போகக்கூடியவர்களும் உங்களில் இருப்பீர்கள். அது குற்றமன்று. வீட்டிலே ஒருவர் கடும் நோயாய்க் கிடந்தால் அந்தச் சொல்லை நாம் வாயால் எடுப்பதில்லை. மரண அறிவித்தல்களில்கூடக் காலமானார், சிவபதமடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அதற்கு வேறு வேறு ஆடைகளை உடுத்திவிடுகிறோம். இலக்கியம் மட்டும் அந்தச் சொல்லைக் கண்டு ஒதுங்கியதில்லை. கிறிஸ்தவ விசுவாசம் மரண பயத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் துணையோடு இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுக்கு வேராக இருப்பது அதுதான்.

என் தகப்பனார் ஒரு பாடசாலை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வேதபாடம் படிப்பிப்பார். ஊரில் எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் ஜெபம் செய்யும்படி அவரைத்தான் கேட்பார்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் பேசக் கேட்டு, அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் சிறுவனாயிருந்து கண்டிருக்கிறேன். 1974ஆம் ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஓர் இரவு என் கையைப் பற்றி, “மோனை, பயமாக் கிடக்கு” என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தச் சொல் என்னைத் திடுக்கிட வைத்தது. “என்ன ஐயா இது, நீங்களே இப்பிடிச் சொல்லலாமோ?” என்று கேட்டேன். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தேன். உண்மையில் அவரைக் கண்டித்தேன். மறுநாள் பார்க்க வந்த ஒருவர், இவ்வளவு வேதம் படித்தவருக்கு ஏன் இந்தப் பயம் என்று விறாந்தையில் நின்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பின் நான் அவருடைய கட்டிலருகே அதிகம் போகவில்லை. மருந்து வாங்க வேண்டும், ஆட்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று ஏதேனும் ஒரு சாட்டு எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அவர் காலமாகிச் சில மாதங்களின் பின்னர் அவருடைய புத்தக அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, மட்டை கழன்ற “மோட்சப் பிரயாணம்” என்ற நூல் என் கையில் வந்தது. சிறுவயதில் கதைக்காக வாசித்த நூல்தான். அன்று அதன் இறுதிப் பகுதியை மறுபடி வாசித்தபோது, என் தகப்பனாரை நான் எவ்வளவு பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பது தெரிந்தது.

“மோட்சப் பிரயாணத்தின்” மூல ஆசிரியர் ஜோன் பன்யன். 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்போர்ட் நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் கிராமத்திற் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்பது அவருடைய குலத்தொழில். பெரிய படிப்பில்லை. அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660இல் கைதுசெய்யப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் வீடு போயிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. 1672 வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், பெட்போர்ட் சிறையில் இருந்தார். வெளியே மனைவியும் பிள்ளைகளும். மூத்த மகள் மேரி பிறவிக் குருடு. சப்பாத்து நாடாக்களுக்கு முனை கட்டி விற்று அந்தக் குடும்பத்துக்குச் சிறிது உழைத்தார். அவருடைய “மோட்சப் பிரயாணம்” 1678இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 1684இல் வந்தது.

தமிழுக்கும் இந்நூல் அந்நியமானதன்று. உரைநடை மொழிபெயர்ப்பாகப் பல வீடுகளில் அது வாசிக்கப்பட்டிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, பின்னர் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, இந்நூலைத் தழுவியே “இரட்சணிய யாத்திரிகம்” என்ற காப்பியத்தைப் பாடினார். 1894இல் அது வெளியாயிற்று. கம்பனில் ஊறிய ஒரு தமிழ்ப் புலவரை ஒரு பாத்திரக்காரரின் கனவு அவ்வளவுக்குக் கவர்ந்திருக்கிறது.

இனி அந்த இறுதிப் பகுதிக்கு வருவோம். கதாநாயகன் கிறிஸ்தியான். அழிவின் நகரத்திலிருந்து புறப்பட்டு, சேற்றிலும் மலையிலும் சிறையிலும் துன்பப்பட்டு, வான நகரத்தின் வாயிலைக் கண்ணாற் காணும் இடத்துக்கு வந்துவிட்டான். துணைக்கு ஒரு தோழன். அவனை நம்பிக்கையாளன் என்று என் வசதிக்காக அழைத்துக்கொள்கிறேன். நகரத்துக்கும் அவர்களுக்கும் இடையில் ஓர் ஆறு ஓடுகிறது. பாலமில்லை. வேறு வழியுண்டா என்று கேட்கிறார்கள். ஏனோக்கு, எலியா என்ற இருவர் மாத்திரமே வேறு வழியாற் போக அனுமதிக்கப்பட்டனர் என்று பதில் வருகிறது. ஆழம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அந்நகரத்து அரசர்மீது உள்ள விசுவாசத்தின் அளவுக்கேற்ப ஆழம் கூடும் அல்லது குறையும் என்கிறார்கள் வழிகாட்டிகள்.

ஆற்றைக் கடப்பது என்ற இந்த உருவகம் நமக்குப் புதிதல்ல. உயிர் கடக்க வேண்டிய வைதரணி நதியை நம் சைவ வீடுகளில் அறியாதவர் இல்லை. பிறவியைக் கடலாகக் கண்டவர் வள்ளுவர். பன்யனுக்கோ இது யோர்தான் நதி. இஸ்ரவேலர் வாக்களிக்கப்பட்ட நாட்டினுள் புகுமுன் கடந்த நதி அது.

இருவரும் ஆற்றில் இறங்குகிறார்கள். இங்கேதான் பன்யன் நம்மை வியக்க வைக்கிறார். இத்தனை போராட்டங்களை வென்று வந்த கதாநாயகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆற்றைக் கடப்பான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சாதாரண எழுத்தாளர் அப்படித்தான் எழுதியிருப்பார். பன்யனின் கிறிஸ்தியானோ இறங்கியதும் அமிழத் தொடங்குகிறான். இருளும் திகிலும் அவனை மூடுகின்றன. வழியில் தனக்குக் கிடைத்த நன்மைகள் எவையும் நினைவுக்கு வரவில்லை. செய்த பாவங்கள் மாத்திரம் நினைவுக்கு வருகின்றன. பேய்த் தோற்றங்கள் கண்முன் நிற்கின்றன. தான் கரைசேர மாட்டேன் என்று அலறுகிறான்.

நம்பிக்கையாளன் என்ன செய்கிறான்? தோழனின் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். அதுவே அவனுக்குப் பெரும் பாடாகிறது. தன் கால் அடித்தரையைத் தொடுகிறது, அது உறுதியாக இருக்கிறது என்று தோழனுக்கு அறிவிக்கிறான். அக்கரையில் நம்மை வரவேற்க ஆட்கள் நிற்கிறார்கள் என்கிறான். அவர்கள் உன்னைத்தான் எதிர்பார்க்கிறார்கள், என்னையல்ல என்கிறான் கிறிஸ்தியான். அப்போதும் தோழன் கோபிக்கவில்லை. இந்தக் கலக்கம் கடவுள் உன்னைக் கைவிட்டார் என்பதற்கு அடையாளமல்ல என்று சொல்லி, கிறிஸ்துவின் பெயரை நினைப்பூட்டுகிறான். சிறிது நேரத்தில், தண்ணீரைக் கடக்கும்போது கடவுள் கூடவே இருப்பார் என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு கிறிஸ்தியானின் நெஞ்சில் எழுகிறது. கால் தரையைத் தொடுகிறது. மீதி ஆறு ஆழமற்றதாகிவிடுகிறது.

அந்தத் தரை எங்கிருந்து வந்தது? புதிதாக ஒன்றும் வரவில்லை. அவன் அமிழ்ந்துகொண்டிருந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. அவனுடைய பயம் தரையை மறைத்தது. ஆனால் அதை அகற்றவில்லை.

கதை இதோடு முடியவில்லை. பின்னால் அறிவீனன் என்றொருவன் வருகிறான். வீண் நம்பிக்கை என்ற ஓடக்காரன் அவனைத் தோணியில் ஏற்றி இலகுவாக அக்கரை சேர்த்துவிடுகிறான். இவர்கள் பட்ட கஷ்டத்தில் பாதியும் அவனுக்கு இல்லை. சலனமேயின்றி வாயிலில் வந்து நிற்கிறான். அங்கே அத்தாட்சிச் சுருளைக் கேட்கிறார்கள். அவனிடம் இல்லை. உள்ளே விடப்படாமல் கட்டிக் கொண்டுபோகப்படுகிறான். அந்த வாயிலருகிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி உண்டு என்பதைக் கனவு காண்பவர் அப்போதுதான் அறிகிறார்.

கிறிஸ்தியானுக்கு அந்தச் சுருள் எங்கே கிடைத்தது? பயணத்தின் ஆரம்பத்திலே, சிலுவையின் அடியிலே, அவனுடைய பாவச்சுமை முதுகிலிருந்து கழன்று விழுந்த இடத்திலே கிடைத்தது. ஆற்றிலே எவ்வளவு துணிவோடு நீந்தினாய் என்று வாயிலில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அலறியவனும் தாங்கியவனும் ஒன்றாகவே உள்ளே போகிறார்கள்.

நேயர்களே, கிறிஸ்தவ விசுவாசம் மரண பயத்தை வெல்லும் முறை இதுதான். சாகும்போது பயப்படாமல் இருக்கிறாயா என்பது அங்கே ஒரு பரீட்சையல்ல. மீட்பு மரிப்பவனின் மன உறுதியில் தங்கியிருக்கவில்லை. அவனுக்கு முன்னரே மரித்து உயிர்த்தவரில் தங்கியிருக்கிறது. கிரேக்க ஞானி சோக்கிரதீஸ் நஞ்சுக் கிண்ணத்தை அமைதியாக வாங்கிக் குடித்தார் என்று படிக்கிறோம். அது ஒரு பெருமைதான். ஆனால் கெத்செமனே தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து ஜெபித்தார். அந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்காதா என்று கேட்டார். நண்பன் லாசருவின் கல்லறையருகே அழுதார். அப்போஸ்தலர் பவுல் மரணத்தை நண்பன் என்று சொல்லவில்லை. கடைசிச் சத்துரு என்றே சொல்கிறார். சத்துருவைக் கண்டு உடல் நடுங்குவது இயல்பு. அந்தச் சத்துரு ஏற்கனவே தோற்கடிக்கப்பட்டவன் என்பதுதான் உயிர்த்த ஞாயிறு தரும் செய்தி. மரண பயத்தினால் மனிதர் வாழ்நாளெல்லாம் அடிமைப்பட்டிருக்கிறார்கள் என்று எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் கூறும். அவ்வடிமைத்தனத்திலிருந்துதான் விடுதலை. பயம் வந்து போகலாம். அது எசமானாக உட்கார்ந்திருக்க முடியாது.

இதைப் பன்யன் புத்தகத்திலிருந்து கற்றவரல்லர். 1666இல் வெளியான தமது ஆன்மிக வரலாற்று நூலிலே தம்முடைய பயத்தை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். சிறைவாசத்தின் முடிவு தூக்குமரமாக இருக்கலாம் என்று அவர் எண்ணிய காலமுண்டு. சாவைவிட ஒரு காட்சி அவரை அதிகம் வாட்டியது. தூக்குமரத்து ஏணியில், வெளிறிய முகத்துடனும் நடுங்கும் முழங்கால்களுடனும் தாம் நிற்பதை ஊரார் பார்ப்பார்கள். அதனால் தம் கடவுளுக்கு இழுக்கு வருமே என்று வெட்கப்பட்டார். ஆறுதல் தரும்படி ஜெபித்தார். ஆறுதல் வரவில்லை. இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆறுதல் தருவதா இல்லையா என்பது கடவுளின் விருப்பம், தாம் அவரைவிட்டு விலகாதிருப்பதே தமது கடமை. கண்ணைக் கட்டியவனைப் போல அந்த ஏணியிலிருந்து நித்தியத்துக்குள் குதித்துவிடுவது, கிறிஸ்து தாங்கினாற் தாங்கட்டும் என்பதே அந்த முடிவு.

பயம் நீங்கிய பின்னர் அவர் துணிந்தாரல்லர். பயத்தோடேயே துணிந்தார். நம்முடைய மார்க்கண்டேயர் கதையும் ஒருவகையில் இதற்கு உறவானதே. எமனைக் கண்டு அஞ்சாமல் எதிர்த்து நின்றார் என்பதல்ல அதன் சிறப்பு. பாசக்கயிறு வீசப்பட்டபோது சிவலிங்கத்தை இறுகத் தழுவிக்கொண்டார். இரு சமயங்களின் தத்துவங்கள் வேறு. ஆயினும் பயந்த கைகள் எதைப் பற்றுகின்றன என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், இரண்டாம் பாகத்தில், பன்யன் இன்னொரு மனிதரைப் படைத்தார். அச்சமுடையார் என்று அவரைச் சொல்லலாம். வழியின் தொடக்கத்திலுள்ள சேற்றைத் தாண்டத் துணிவின்றி ஒரு மாதமளவு அதன் ஓரத்தில் அழுதுகொண்டு கிடந்தவர். சிங்கங்களுக்கோ மாயச் சந்தையின் எதிரிகளுக்கோ அவர் அஞ்சவில்லை. கடைசியில் தாம் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்ற ஒன்றே அவருடைய பயம். அப்படிப்பட்டவர் ஆற்றங்கரைக்கு வந்தபோது நிச்சயமாய் மூழ்கிவிடுவேன் என்று புலம்பினார். ஆனால் அன்று அந்த ஆற்றில் நீர்மட்டம் அதற்குமுன் எவரும் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. கிட்டத்தட்டப் பாதம் மாத்திரம் நனைய அவர் நடந்து போனார். பேரச்சம் என்ற பெயருடைய பெண்ணொருத்தி அதே ஆற்றைப் பாடிக்கொண்டே கடந்தாள். அவள் பாடியது என்னவென்று கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை.

முதலாம் பாகத்தில் வீரனுக்கு ஆழமான ஆறு. இரண்டாம் பாகத்தில் பயந்தவருக்கு வற்றிய ஆறு. ஒருவருடைய கடைசி மணித்தியாலங்களைக் கரையில் நின்று பார்த்து, அவருடைய விசுவாசத்துக்குப் புள்ளி போட நமக்கு உரிமையில்லை என்பதை இதைவிட இரக்கத்தோடு ஒரு எழுத்தாளர் சொல்லியிருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

பன்யனுடைய முடிவும் கவனிக்கத்தக்கது. 1688ஆம் ஆண்டு, மகன்மீது கோபங்கொண்டிருந்த ஒரு தகப்பனைச் சமாதானப்படுத்துவதற்காக ரெடிங் நகருக்குப் போனார். அங்கிருந்து இலண்டனுக்குக் குதிரையில் வரும்போது கடும் மழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டது. நண்பர் ஒருவரின் வீட்டில் ஓகஸ்ட் 31ஆம் திகதி காலமானார். வயது அறுபதுகூட நிரம்பவில்லை. இலண்டனின் பன்ஹில் பீல்ட்ஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறை உண்டு. தூக்குமர ஏணியை மனக்கண்ணிற் கண்டு நடுங்கியவர், ஒரு தகப்பனையும் மகனையும் சேர்த்துவைத்துவிட்டு வந்த வழியில் நோயுற்று, கட்டிலில் இறந்தார்.

தகப்பனும் மகனும் என்றதும் நான் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

என் தகப்பனாருக்கு ஒரு தமக்கை இருந்தார். எனக்கு மாமி. எழுத்து வாசனை இல்லாதவர். வேதாகமத்தை மற்றவர்கள் வாசிக்கக் கேட்டே அறிந்தவர். அந்தக் கடைசி இரவுகளில் கட்டிலருகே ஒரு பலகைக் கட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தவர் அவர்தான். பயப்பிடாதை என்று ஒருமுறையேனும் அவர் தம்பிக்குச் சொன்னதை நான் கேட்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டை நனைப்பார். கையைப் பிடித்துக்கொள்வார். “தம்பி, நான் இஞ்சைதான் இருக்கிறன். ஆண்டவரும் இருக்கிறார்” என்பார். ஐயா மறுபடி முனகும்போது அதே சொல்லை மறுபடி சொல்வார். நூறு முறை சொல்லியிருப்பார். வேறு பிரசங்கம் அவருக்குத் தெரியாது.

“மோட்சப் பிரயாணத்தை” வாசித்து முடித்த அன்று, எங்கள் வீட்டில் நம்பிக்கையாளன் யார் என்பது எனக்குத் தெரிந்தது. விறாந்தையில் நின்று புள்ளி போட்டவர்கள் யார் என்பதும் தெரிந்தது. அவர்களில் நானும் ஒருவன்.

விடியற்காலையில் ஐயா போனார். அந்த நேரம் அவருடைய முகத்தில் பயம் இருந்ததா, தெளிவு இருந்ததா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. நான் வெளியே திண்ணையில் இருந்தேன். பின்னொரு நாள் மாமியிடம் கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “முகத்தை நான் பாக்கேல்லை மோனை. கையைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். கடைசியிலை அவன்ரை கை இறுக்கிப் பிடிக்கேல்லை” என்றார்.

பிடி தளர்ந்தது உயிர் போனதாலா, கால் தரையைத் தொட்டதாலா என்று ஆராய எனக்கு விருப்பமில்லை. தரை அங்கே இருந்தது என்று என் தகப்பனார் எத்தனையோ செத்த வீடுகளில் மற்றவர்களுக்குச் சொன்னார். அது அவருக்கும் இருந்தது என்று நான் நம்புகிறேன். அவர் பயந்தார் என்பதால் அது இல்லாமற் போயிருக்காது.

இப்போது எனக்கும் வயது போய்விட்டது. ஆறு தூரத்தில் இல்லை. எனக்குப் பயமில்லை என்று உங்கள் முன் பெருமை பேச மாட்டேன். அந்தப் பொழுது வரும்போது நானும் யாருடைய கையையாவது பற்றி, பயமாகக் கிடக்கிறது என்று சொல்லக்கூடும். அப்போது பக்கத்தில் இருப்பவர், நான் அன்று சொன்னதைச் சொல்லாமல், மாமி சொன்னதைச் சொன்னால் அது போதும்.

உங்கள் வீட்டிலும் இன்றிரவு ஒருவர் அந்தக் கரையில் நிற்கக்கூடும். இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து அவரிடம் போங்கள். வசனங்கள் ஒன்றும் நினைவுக்கு வராவிட்டாலும் கதிரையை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள். அவருடைய தலை நீருக்கு மேலே இருக்கட்டும்.